அமெரிக்காவில் மருத்துவத் துறை மேற்படிப்பு: புதிய கடன் வரம்புக்குள் கணக்குப் போடுவது எப்படி?

அமெரிக்காவில் மருத்துவம் சார்ந்த மேற்படிப்புக்கு ஃபெடரல் கடன், அதாவது மத்திய அரசின் கல்விக் கடன், வாங்கும் விதிகள் 2026 ஜூலை 1 முதல் வேறு. அதற்கு முன்பு, கல்லூரி சொல்லும் மொத்தச் செலவு எவ்வளவோ அவ்வளவுக்கும் கிராட் பிளஸ் என்ற கடன் கிடைத்துக்கொண்டிருந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அந்தக் கதவைப் புதிதாகச் சேருபவர்களுக்கு மூடிவிட்டது. இனி ஆண்டுக்கு இவ்வளவு, மொத்தமாக இவ்வளவு என்று கறாரான வரம்பு உண்டு.

என் மகள் ஃபிசிக்கல் தெரபி (உடலியக்கச் சிகிச்சை) முனைவர் படிப்புக்கு, அதாவது டி.பி.டி.க்கு விண்ணப்பித்தபோது இந்தக் கணக்கை நான் மூன்று முறை போட்டேன். அப்புறம் எங்கள் ஊர் தமிழ்ப் பள்ளிக்கு வரும் குடும்பங்கள் சிலருடன் உட்கார்ந்தும் போட்டேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். பெரும்பாலும் வேலையைச் செய்யும் வரிசைதான் தப்பாக இருக்கிறது. சீட் கிடைத்த சந்தோஷத்தில் முன்பணத்தைக் கட்டிவிட்டு, கடனைப் பற்றி ஜூலையில் யோசிக்கிறார்கள். இந்தக் கணக்கு முழுவதையும் சீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் குடியேற்ற நிலை. ஃபெடரல் கடன் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் உண்டு. அகதி, அடைக்கலம் பெற்றவர் போன்ற சில பிரிவினருக்கும் உண்டு. எச்-1பி என்ற வேலை விசா, அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4, மாணவர்களுக்கான எஃப்-1 ஆகிய விசாக்களில் இருப்பவர்களுக்குக் கிடையாது. இங்கேயே ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளையாக இருந்தாலும் எச்-4 என்றால் கிடையாது. அந்த நிலையில் இருப்பவர்கள் நேராக 6, 7, 8-ஆம் பகுதிகளுக்குப் போகலாம்.

அடுத்து ஃபாஃப்சா, அதாவது ஃபெடரல் நிதி உதவிக்கான விண்ணப்பப் படிவம். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 வாக்கில் திறக்கும். மேற்படிப்பு மாணவர் சட்டப்படி தனித்து நிற்பவராகவே கருதப்படுவார். அதனால் ஃபெடரல் கடனுக்குப் பெற்றோர் வருமானம் கணக்கில் வராது. "எங்கள் சம்பளம் அதிகம், ஃபாஃப்சா போட்டு என்ன பயன்?" என்று விட்டுவிடும் பெற்றோரை நிறையப் பார்த்துவிட்டேன். இந்தக் கடன் வருமானம் பார்த்துக் கொடுப்பது இல்லை. படிவம் போடாவிட்டால்தான் கிடைக்காது.

மூன்றாவது, ஃபெடரல் கடன்களுக்கான அரசின் ஸ்டூடண்ட்எய்டு தளத்தில் மாணவரின் கணக்கில் இருக்கும் பழைய கடன் வரலாறு. அதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது, ஒவ்வொரு கல்லூரியும் வெளியிடும் மொத்தப் படிப்புச் செலவு விவரம். முதல் ஆண்டுக்கு மட்டும் போதாது, எல்லா ஆண்டுகளுக்கும் கேட்டு வாங்குங்கள். கிளினிக்கல் பயிற்சி ஆண்டில் வேறு ஊரில் வாடகை, பயணம் என்று செலவின் முகமே மாறிவிடும்.

2. உங்கள் பட்டம் எந்தப் பிரிவில் வருகிறது?

மற்ற எல்லாக் கணக்கும் இதன் மேல்தான் நிற்கிறது. புதிய சட்டம் மேற்படிப்பை இரண்டாகப் பிரிக்கிறது. சாதாரண மேற்படிப்பு என்றால் ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர். தொழில்முறைப் படிப்பு என்றால் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்.

கல்வித் துறை அமைத்த விதி வகுக்கும் குழு 2025 நவம்பரில் ஒப்புக்கொண்ட தொழில்முறைப் பட்டியலில் மருத்துவத் துறையிலிருந்து இவை இருக்கின்றன: எம்.டி. (அமெரிக்காவில் டாக்டர் ஆவதற்கான பட்டம்), ஆஸ்டியோபதி மருத்துவம் (டாக்டர் ஆவதற்கான இன்னொரு பட்டம்), பல் மருத்துவம், பார்மசி முனைவர் பட்டம், கண் பரிசோதனைத் துறையான ஆப்டோமெட்ரி, பாத மருத்துவம், கால்நடை மருத்துவம், கைரோபிராக்டிக் (முதுகெலும்பைக் கையால் சீர்செய்யும் சிகிச்சை), கிளினிக்கல் சைக்காலஜி. நர்சிங் மேற்படிப்புகள், பிசிஷியன் அசிஸ்டன்ட் (டாக்டருடன் சேர்ந்து நோயாளிகளைப் பார்ப்பவர்), ஃபிசிக்கல் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை), ஆடியாலஜி (செவித்திறன் துறை), பொதுச் சுகாதாரம் ஆகியவை அதில் இல்லை.

டி.பி.டி. முடிக்க மூன்று ஆண்டு ஆகும். அது முனைவர் பட்டம், உரிமத் தேர்வு எழுதாமல் ஒரு நோயாளியைத் தொட முடியாது. கைரோபிராக்டிக்குக்கு 50,000 டாலரும் இதற்கு 20,500 டாலரும் என்பது நியாயம் என்று எனக்குப் படவில்லை. நர்ஸ் அனஸ்தீசியா, அதாவது மயக்க மருந்து தரும் நர்ஸ் ஆவதற்கான படிப்பு, படிக்கும் பிள்ளைகளின் நிலை இன்னும் கஷ்டம். அந்தப் படிப்பின்போது பெரும்பாலும் வேலைக்கே போக முடியாது. ஆனால் கணக்குப் போடும்போது நியாயத்தை ஓரமாக வைத்துவிட்டு, இருக்கிற விதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, பட்டத்தின் பெயரில் 'டாக்டர்' என்று இருந்தால் 50,000 கிடைக்கும் என்று நினைப்பது. டி.பி.டி.யிலும் நர்சிங் முனைவர் பட்டமான டி.என்.பி.யிலும் டாக்டர் இருக்கிறது, ஆனால் 20,500-தான். இன்னொன்று, 'தொழில்முறைப் படிப்பு இல்லை' என்றதும் பட்டத்துக்கோ உரிமத்துக்கோ மதிப்புப் போய்விட்டதாகப் பயப்படுவது. நர்ஸாக வேலை பார்க்கும் ஒரு தோழி இதைக் கேட்டு அழுதேவிட்டாள். அந்தச் சொல் கடன் வரம்புக்கு மட்டும்தான். உரிமம் கொடுப்பது மாநில வாரியம், அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

பட்டியலைப் படித்து நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு படிப்புக்கும் சிப் கோடு என்ற ஆறு இலக்க எண் உண்டு. எம்.டி.க்கு 51.1201, ஃபிசிக்கல் தெரபிக்கு 51.2308, பிசிஷியன் அசிஸ்டன்டுக்கு 51.0912. கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, "இந்தப் படிப்பின் சிப் கோடு என்ன? எனக்கு ஃபெடரல் கடனுக்கு ஆண்டு வரம்பு எவ்வளவு என்று வைத்திருக்கிறீர்கள்?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்க வேண்டும். போனில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மாற்றிச் சொன்னால் காட்ட ஒன்றும் இருக்காது. இன்னொரு காரணமும் உண்டு. குறிப்பிட்ட படிப்புக்குச் சட்ட வரம்பைவிடக் குறைவான வரம்பை வைக்கக் கல்லூரிக்கே இந்தச் சட்டம் உரிமை கொடுக்கிறது. அது உங்கள் கல்லூரியில் நடந்திருக்கிறதா என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

3. பழைய விதி உங்களுக்குத் தொடருமா?

2026 ஜூன் 30 அன்று ஒரு படிப்பில் சேர்ந்திருந்து, அந்தப் படிப்புக்காக ஃபெடரல் நேரடிக் கடன் ஏற்கெனவே வாங்கியிருந்தால், பழைய வரம்புகள் கொஞ்ச காலம் தொடரும். மூன்று கல்வியாண்டு, அல்லது படிப்பில் மீதி இருக்கும் காலம், இரண்டில் எது குறைவோ அதுவரை.

இரண்டு நிபந்தனையும் சேர்ந்தே நிறைவேற வேண்டும். சேர்ந்திருந்தார், ஆனால் முதல் ஆண்டு அப்பாவின் சேமிப்பில் கட்டிவிட்டார், கடன் வாங்கவில்லை என்றால் இந்தச் சலுகை இல்லை. கடன் என்பதைச் சொந்தப் பணம் தீர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது நம் வீடுகளில் வழக்கம். அந்த நல்ல பழக்கமே இங்கே எதிராக வேலை செய்கிறது.

சலுகை இருப்பவர்கள் படிப்பை மாற்றுவதற்கோ, வேறு கல்லூரிக்குப் போவதற்கோ, ஒரு செமஸ்டர் விடுப்பு எடுப்பதற்கோ முன்பு நிதி உதவி அலுவலகத்தைக் கேளுங்கள். சலுகை அந்தப் படிப்போடு ஒட்டியது, ஆளோடு அல்ல.

4. பழைய கடனைக் கழியுங்கள்

ஒரு மாணவர் வாழ்நாள் முழுவதும் வாங்கக்கூடிய ஃபெடரல் கடனுக்கு இப்போது 2,57,500 டாலர் என்ற வரம்பு உண்டு. இளநிலைப் படிப்புக் கடனும் இதில் சேரும். இளநிலையில் நான்கு ஆண்டும் முழு அளவு வாங்கிய மாணவர் வழக்கமாக 27,000 டாலர் வாங்கியிருப்பார். அது போக 2,30,500 மீதி. அதனால் பலருக்கு இந்த வரம்பு இடிக்காது. ஏற்கெனவே ஒரு பெரிய மேற்படிப்பு முடித்துவிட்டு இரண்டாவதாக மருத்துவம் படிக்க வருபவர்களுக்கு இடிக்கும்.

கவனிக்க வேண்டியது: திருப்பிக் கட்டிய கடனும் இந்தக் கணக்கில் நிற்கும். தள்ளுபடி ஆனதும் நிற்கும். எவ்வளவு பாக்கி என்று பார்க்காமல் இதுவரை எவ்வளவு வாங்கினார் என்று பாருங்கள். ஸ்டூடண்ட்எய்டு கணக்கில் முதலில் கண்ணில் படுவது பாக்கித் தொகைதான். ஒவ்வொரு கடனையும் திறந்து, கொடுக்கப்பட்ட தொகையைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எம்.டி.க்கு முயலும் பிள்ளைகள் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள இடையில் ஓராண்டு மாஸ்டர்ஸ் படிப்பது வழக்கம். புதிய விதியில் அதற்கு வாங்கும் கடன், பின்னால் வரும் 2,00,000 டாலர் வரம்பிலிருந்து கழிந்துவிடும். மாஸ்டர்ஸுக்கு 20,500 வாங்கினால் மருத்துவத்துக்கு 1,79,500தான். முதல் மூன்று ஆண்டு 50,000 வீதம் எடுத்தால் நான்காம் ஆண்டுக்கு மிஞ்சுவது 29,500. ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் எடுக்கும் பயிற்சி, அதற்கான நேர்காணலுக்கு அலையும் ஆண்டில் இந்தப் பள்ளம் வந்து நிற்கும். மாஸ்டர்ஸ் சேரும் நாளிலேயே இதை எழுதி வைத்துவிடுங்கள்.

5. மொத்த வரம்பை விடுங்கள், ஆண்டு வரம்பைப் பாருங்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். "ஒரு லட்சம் டாலர் வரை தருகிறார்களாம், டி.பி.டி.க்கு அது பரவாயில்லையே" என்று ஒரு அப்பா என்னிடம் சொன்னார். மூன்று ஆண்டுப் படிப்பில் ஆண்டுக்கு 20,500 என்றால் கிடைப்பது 61,500தான். ஒரு லட்சத்தை எட்டவே முடியாது. எம்.டி. போன்ற நான்கு ஆண்டுப் படிப்புக்கு 50,000 நான்கு முறை சேர்ந்தால் 2,00,000 ஆகும், அங்கே இரண்டு வரம்பும் ஒரே இடத்தில் முடிகின்றன. மற்ற பெரும்பாலோருக்கு ஆண்டு வரம்புதான் உண்மையான பூட்டு.

அந்த 20,500-உம் முழுதாகக் கைக்கு வராது. நேரடிக் கடனுக்கு 1.057 சதவீதம் கட்டணம் பிடித்துக்கொண்டுதான் கொடுத்துவந்திருக்கிறார்கள். 20,500-இல் 217 டாலர் போய், 20,283 வரும். அதுவும் இரண்டு செமஸ்டருக்குப் பிரித்து, தலா சுமார் 10,141. என் மகளின் தாளில் முதலில் 10,250 என்று எழுதி வைத்திருந்தேன். நூறு டாலர்தானே என்று தோன்றும். ஆனால் பில்லில் நூறு டாலர் குறைந்தாலும் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய விடாமல் சில கல்லூரிகள் தடை போட்டுவிடும்.

அடுத்தது கோடை. ஃபிசிக்கல் தெரபி, பிசிஷியன் அசிஸ்டன்ட் மாதிரியான படிப்புகள் கோடையிலும் நடக்கும். ஆகஸ்ட், ஜனவரி, மே என்று மூன்று பில் வரும். ஆண்டு வரம்போ ஒன்றுதான். ஆகஸ்டிலும் ஜனவரியிலும் அதை முழுக்க எடுத்துவிட்டால் மே மாதப் பில்லுக்கு ஃபெடரல் கடனில் ஒரு காசும் இருக்காது. நிதி உதவி அலுவலகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி: "எந்தெந்த செமஸ்டரைச் சேர்த்து ஒரு கடன் ஆண்டு என்று வைத்திருக்கிறீர்கள்? கோடை முந்தின ஆண்டோடு சேருமா, அடுத்த ஆண்டோடு சேருமா?" கல்லூரிக்குக் கல்லூரி இது வேறு. 27 மாதம், ஏழு செமஸ்டர் நடக்கும் ஒரு படிப்பில், இந்த ஒரு பதிலைப் பொறுத்து ஆண்டு வரம்பு இரண்டு முறை கிடைக்குமா, மூன்று முறை கிடைக்குமா என்பது மாறலாம். 20,500 டாலர் வித்தியாசம் அது.

பகுதி நேரமாகப் படித்தால் வரம்பும் அந்த விகிதத்தில் குறையும். இது புதிது. முழு நேரம் என்பது 9 கிரெடிட் என்று இருக்கும் இடத்தில் 6 கிரெடிட் எடுத்தால் ஆண்டு வரம்பு சுமார் 13,700 ஆகிவிடும். வேலை பார்த்துக்கொண்டே டி.என்.பி. படிக்கும் நர்ஸ்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பாதிக்கும் குறைவான பாடம் எடுத்தால் கடனே கிடையாது.

இதையெல்லாம் ஒரே தாளில் போடுங்கள். எங்கள் தாளில் வரிசையாகச் செமஸ்டர் பெயர்கள். ஒவ்வொன்றின் கீழும் ட்யூஷன் (கல்லூரியின் படிப்புக் கட்டணம்), மற்றக் கட்டணங்கள், வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, கார். அதற்குக் கீழே அந்தச் செமஸ்டருக்குக் கைக்கு வரும் ஃபெடரல் கடன். கடைசி வரி பற்றாக்குறை. ஆண்டுக் கணக்காகப் போட்டால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். செமஸ்டர் கணக்காகப் போட்டால்தான் மே மாதத்துப் பள்ளம் கண்ணில் படும்.

6. பற்றாக்குறையை முழுப் படிப்புக்கும் கூட்டுங்கள்

ஓர் உதாரணம். ஆண்டுக்கு ட்யூஷனும் கட்டணங்களும் 34,000, வாழ்க்கைச் செலவு 24,000, ஆக 58,000 என்று வைத்துக்கொள்வோம். ஃபெடரல் கடன் 20,500 போக 37,500 குறைகிறது. மூன்று ஆண்டுக்கு 1,12,500. இதில் ட்யூஷன் ஆண்டுதோறும் ஏறுவதைச் சேர்க்கவே இல்லை.

முதல் ஆண்டு ஓட்டையை மட்டும் அடைத்துவிட்டுச் சேருவதுதான் ஆபத்து. முதல் ஆண்டுக்குச் சேமிப்பைக் கொட்டுவார்கள். இரண்டாம் ஆண்டுக்குத் தனியார் கடன் கேட்டால், அதற்குள் அப்பாவுக்கு வேலை போயிருக்கும், அல்லது புது வீட்டுக் கடன் வந்திருக்கும். படிப்பைப் பாதியில் விட்டால் பட்டம் கிடையாது, கடன் மட்டும் நிற்கும்.

இந்தக் கடனைக் கட்ட முடியுமா என்பதையும் இங்கேயே பாருங்கள். 2026 ஜூலை 1 முதல் வாங்கும் ஃபெடரல் கடனுக்கு இரண்டு வழிதான். ஒன்று நிலையான தவணை. தொகையைப் பொறுத்து 10 முதல் 25 ஆண்டு, 61,500 டாலருக்கு 20 ஆண்டு. இன்னொன்று ராப் என்ற வருமானம் சார்ந்த திட்டம். வருமானத்தில் 1 முதல் 10 சதவீதம் வரை. 85,000 டாலர் சம்பளத்துக்கு 8 சதவீதம், மாதம் சுமார் 567. பாக்கி 1,12,500-ஐத் தனியாரிடம் 9 சதவீதத்தில் 15 ஆண்டுக்கு வாங்கினால் மாதம் சுமார் 1,141 வரும். இரண்டும் சேர்ந்து 1,700-க்கு மேல். வரி போகக் கையில் வருவதில் இது எவ்வளவு என்று பிள்ளையையே கணக்குப் போடச் சொல்லுங்கள். என் மகள் இந்த இடத்தில்தான் தனியார் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, ட்யூஷன் பாதியாக இருந்த மாநிலப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தாள். நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

7. கடன் இல்லாத பணத்தை முதலில் தேடுங்கள்

தனியார் வங்கிக்குப் போகும் முன் இதைச் செய்ய வேண்டும். இவற்றின் கடைசித் தேதிகள் முன்னதாகவே முடிந்துவிடும், தனியார் கடன் எப்போதும் அங்கேயே இருக்கும்.

அரசின் நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கார்ப்ஸ் உதவித்தொகை மருத்துவர், பல் மருத்துவர், நர்ஸ் பிராக்டிஷனர், நர்ஸ் மிட்வைஃப், பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்புகளுக்கு ட்யூஷனும் மாதப் பணமும் தரும். பதிலுக்கு மருத்துவ வசதி குறைந்த பகுதியில் குறைந்தது இரண்டு ஆண்டு வேலை பார்க்க வேண்டும். குடிமக்களுக்கு மட்டும்தான். நர்ஸ் கார்ப்ஸ் உதவித்தொகைக்குக் கிரீன் கார்டு இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். இந்த வேறுபாடு தெரியாமல் பலர் இரண்டையுமே விட்டுவிடுகிறார்கள். சேவை ஒப்பந்தத்தை முறித்தால் அபராதம் கடுமையானது. ஊர் மாறத் தயார் என்று பிள்ளை மனதாரச் சொன்னால் மட்டும் போடுங்கள்.

மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் மனிதவளத் துறையிடம் கல்வி உதவி பற்றிக் கேளுங்கள். ஆண்டுக்கு 5,250 டாலர் வரை முதலாளி தருவதற்கு வருமான வரி கிடையாது.

அடுத்து, சுகாதாரத் துறையின் எச்.ஆர்.எஸ்.ஏ. என்ற பிரிவின் பணத்தில் கல்லூரிகளே தரும் கடன்கள் இருக்கின்றன. பல் மருத்துவம், பார்மசி, ஆப்டோமெட்ரி மாதிரியான படிப்புகளுக்கு ஒன்று, பிரைமரி கேர் மருத்துவர்களுக்கு ஒன்று, பின்தங்கிய குடும்ப மாணவர்களுக்கு ஒன்று, நர்சிங்குக்கு ஒன்று. வட்டி 5 சதவீதம், படிக்கும் காலத்தில் வட்டி ஏறாது. இவை எல்லாக் கல்லூரியிலும் இல்லை. கேட்டால்தான் சொல்வார்கள். இதற்கு மட்டும் பெற்றோர் வருமான விவரம் கேட்கக்கூடும். அதனால்தான் ஃபாஃப்சாவில் பெற்றோர் பகுதியை நிரப்பலாமா என்று கல்லூரியிடம் முன்பே கேட்டுவைப்பது நல்லது.

பேரன்ட் பிளஸ் கடனை நம்பி இருக்காதீர்கள். அது இளநிலைப் படிப்புக்கு மட்டும்தான். மேற்படிப்புக்குப் பெற்றோர் பெயரில் ஃபெடரல் கடன் என்று ஒன்று இல்லை.

8. தனியார் கடன் கடைசியில், நிதானமாக

ஃபெடரல் கடனை முழுவதும் எடுத்த பிறகுதான் தனியார் கடன். 2025–26-இல் ஃபெடரல் மேற்படிப்புக் கடன் வட்டி 7.94 சதவீதம். நல்ல கிரெடிட் ஸ்கோர் உள்ள அப்பா கையெழுத்துப் போட்டால் தனியாரில் அதைவிடக் குறைவாகக் கிடைக்கவும் கூடும். ஆனாலும் வரிசையை மாற்றாதீர்கள். வேலை இல்லாத காலத்தில் தவணை குறைவதும், அரசு அல்லது லாப நோக்கில்லாத மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே 120 மாதத் தவணை கட்டினால் மீதி தள்ளுபடி ஆவதும் ஃபெடரல் கடனுக்கு மட்டும்தான். எம்.டி. முடித்து அப்படிப்பட்ட மருத்துவமனையில் ரெசிடென்சி போகும் பிள்ளைக்கு அந்தப் பயிற்சிக் காலமே 120-இல் சேரும். தனியார் கடனுக்கு அது எதுவும் இல்லை.

நான்கைந்து இடங்களில் ஒரே இரண்டு வாரத்துக்குள் விண்ணப்பியுங்கள். அப்படிச் செய்தால் கிரெடிட் ஸ்கோர் கணக்கில் அவை ஒரே விசாரணையாக எடுத்துக்கொள்ளப்படும். மாதக் கணக்கில் இழுத்தால் ஒவ்வொன்றும் தனியாக ஏறும். கடன் அனுமதி வந்த பிறகு அந்த நிபந்தனைகளை ஏற்க 30 நாள் அவகாசம் சட்டப்படி உண்டு. அவசரப்படுத்தினால் பயப்பட வேண்டாம்.

வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நிலையான வட்டியா, மாறும் வட்டியா? படிக்கும்போது தவணை தொடங்குமா? எம்.டி., பல் மருத்துவம் என்றால் ரெசிடென்சி முடியும்வரை காத்திருப்பார்களா? உடன் கையெழுத்துப் போட்டவரை எத்தனை தவணைக்குப் பிறகு விடுவிப்பார்கள்? இந்த நான்கையும் ஒவ்வொரு கடனுக்கும் எழுதி ஒப்பிடுங்கள். குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ கையெழுத்துப் போட வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள். எச்-4 பிள்ளைகளுக்கு மாமா, சித்தப்பா என்று உறவில் யாரையாவது கேட்க வேண்டி வரும். கையெழுத்துப் போடுபவருக்கு அது அவருடைய சொந்தக் கடன் மாதிரியே என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அவர் அடுத்த ஆண்டு வீடு வாங்க நினைத்தால் இந்தத் தொகை குறுக்கே நிற்கும். முன்பே சொல்லிவிடுவதுதான் உறவு கெடாமல் இருக்க வழி.

9. கையெழுத்து, பணம் வரும் நாள், அதற்குப் பிறகு

முதல் தடவை வாங்குபவர் ஃபெடரல் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, நுழைவு ஆலோசனை என்ற பாடத்தை ஆன்லைனில் முடிக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை. "ஆன்ட்டி, லோன் அப்ரூவ் ஆயிடுச்சு, ஆனா பணம் வரல" என்று ஆகஸ்டில் எனக்கு வரும் போன்களில் பாதி, இந்த இரண்டில் ஒன்று முடியாததால்தான். தனியார் கடனுக்குக் கல்லூரியும் தொகையைச் சான்றளிக்க வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். ஜூன் மாதமே விண்ணப்பித்துவிடுங்கள்.

வகுப்பு தொடங்கியபின் ஒரு பாடத்தை விட நினைத்தால், முதலில் நிதி உதவி அலுவலகம், அப்புறம்தான் பதிவு அலுவலகம். கிரெடிட் குறைந்தால் வரம்பு குறையும், வந்த பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கவும் கூடும்.

வட்டி பணம் வந்த நாளிலிருந்தே ஓடுகிறது. 20,500-க்கு 7.94 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 1,628 டாலர், மாதம் 136. முடிந்த மாதங்களில் அந்த வட்டியை மட்டுமாவது கட்டிவையுங்கள்.

பணம் கல்லூரிக் கணக்கில் ஏறி, ட்யூஷன் போக மிச்சம் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வரும். அன்றைக்கே தாளை எடுத்து அந்தச் செமஸ்டர் வரியோடு ஒப்பிடுங்கள். உதவித்தொகை ஏதாவது வந்து, எடுத்த கடனில் ஒரு பகுதி தேவையில்லை என்று தெரிந்தால், பணம் வந்த 120 நாளுக்குள் அந்த ஃபெடரல் கடன் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடலாம். அந்தத் தொகைக்கான வட்டியும் கட்டணமும் ரத்தாகிவிடும். 120-ஆம் நாள் எது என்று அன்றே போனில் நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.